பாதி ஞாபகம் மதினியிடம் இருந்தது

வாசகர் கடிதம்

டாக்டரம்மாவுக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் முப்பத்தஞ்சு வருஷமா பலசரக்குக் கடை வச்சிருக்கேன். வயசு 61. பேரும் ஊரும் போட வேண்டாம். ஒரு காலத்தில் கடையில் பற்று வச்சிருக்கிற எண்பது வீட்டுக் கணக்கையும் பேரேட்டைத் திறக்காமலே சொல்லுவேன். மண்டி நம்பர், லாரி ஷெட் நம்பர் எல்லாம் மனசிலேயே கிடக்கும். இப்ப மகன் நம்பரே தெரியலை. பாவூர்சத்திரத்தில் தங்கச்சி வீட்டுக்கு இருபது வருஷமா போயிட்டு வாறேன், போன மாசம் மேப் போட்டுக்கிட்டுப் போனேன். திதி என்னைக்கு, இந்தப் பாட்டு எந்தப் படம், எல்லாத்துக்கும் ஃபோன்லதான் தேடுதேன். ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தர் கையைப் பிடிச்சுப் பேசினாரு, யாருன்னே தெரியலை. வீட்டுக்காரி இருந்தா காதுல சொல்லியிருப்பா. அவ போய் ஒண்ணரை வருஷம் ஆச்சு. மக கல்யாணத்துக்கு அவ கையால எழுதின மொய் நோட்டு பீரோவில் கிடக்கு. பிரிச்சா பாதிப் பேரு யாருன்னு எனக்குத் தெரியலை. அவ தங்கச்சி கல்லிடைக்குறிச்சியில் இருக்கா, கேக்கக் கூச்சமா இருக்கு.

எங்கம்மா கடைசிக் காலத்தில் என்னையே யாருன்னு கேட்டா. அந்தப் பயத்தில் ஒரு ராத்திரி தூக்கம் வராம 'ஞாபக மறதி நோய் அறிகுறி'ன்னு தேடிட்டேன். அன்னையிலேர்ந்து ஃபோனைத் திறந்தா மூளைக்கு டானிக், மாத்திரை, லேகியம்னு விளம்பரமா வருது. 2,400 ரூபா கட்டி ஒண்ணு வாங்கியும்ட்டேன். சென்னையில் இருக்க மகன் கூப்பிட்டு, 'என்னப்பா, எங்க டிவியில மறதி வைத்தியமா வருது, யாரு பாக்கது'ன்னு கேட்டான். அவன் வீட்டு டிவியில் என் ஃபோன் கணக்குதான் கிடக்காம். கூசிப் போச்சு. லீவுக்கு வந்த பேரன், ஆறாம் வகுப்பு, 'வாய்பாடு எதுக்கு தாத்தா, ஃபோன்ல கேட்டா சொல்லும்'ங்கான்.

தேடித் தேடி என் மூளை மழுங்கிப் போச்சா? எங்கம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துட்டா? சர்க்கரைக்கு 9 வருஷமா மெட்ஃபார்மின் சாப்பிடுதேன். வேற கோளாறு இல்லை. கடைக் கணக்கு இன்னும் நான்தான் பாக்கேன்.

மனநல மருத்துவரின் பதில்

அண்ணாச்சி, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தெளியாமல் மற்ற எதுவும் உங்கள் மனதில் ஏறாது. கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் அம்மாவுக்கு வந்த நோயின் சாயல் இதில் எனக்குத் தெரியவில்லை. மாத்திரைக்குக் கட்டிய தொகை, மகன் கேட்ட வார்த்தை, போன மாதம் போன ஊர் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த நோய் தொடங்கும்போது பெரும்பாலும் நேற்று நடந்ததும் இன்று காலை நடந்ததும்தான் முதலில் நழுவும். கேட்டதையே அரை மணி நேரத்தில் மறுபடி கேட்பார்கள். சில்லறை கொடுப்பதில் தடுமாறுவார்கள். தினமும் நடக்கிற தெருவில் திகைத்து நிற்பார்கள். தனக்கு மறதி இருப்பதே பலருக்குத் தெரியாது, வீட்டார்தான் கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். கல்யாண வீட்டில் ஒரு முகத்துக்குப் பெயர் கிடைக்காமல் தவிப்பது வேறு விஷயம்.

ஆனால் ஒரு கடிதத்தை மட்டும் வைத்து 'ஒன்றுமில்லை' என்று நான் எழுதிவிட்டால் அது தப்பு. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது: 9 வருஷமாக மெட்ஃபார்மின். நல்ல மருந்து, நிறுத்திவிடாதீர்கள். பல வருஷம் தொடர்ந்து சாப்பிடும்போது சிலருக்கு உடம்பில் பி12 வைட்டமின் குறையும். பி12 குறைந்தால் மறதி வரும், அசதி வரும், பாதம் மதமதவென்று இருக்கும். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் புத்தி மந்தமாகும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு, இரண்டும் சரிசெய்யக்கூடியவை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ, உங்களுக்குச் சர்க்கரை மருந்து எழுதுகிற டாக்டரிடமோ கேட்டு இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம் பிடிக்கிறது, எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள், சாப்பாடு ருசிக்கிறதா என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். துணையை இழந்தவர்களுக்கு வருகிற மனச்சோர்வு, வெளியே பார்க்க அப்படியே மறதி நோய் மாதிரி இருக்கும். சோர்வு தெளிந்தால் ஞாபகமும் தெளியும்.

அம்மாவுக்கு இருந்ததால் உங்களுக்கு ஆபத்து சற்றுக் கூடும், ஆனால் வந்தே தீரும் என்று இல்லை. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 2024-இல் ஓர் அறிக்கை தந்தது. நாமாக மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால், டிமென்ஷியா என்ற மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது மந்தம், பார்வைக் குறைவு, புகை, மனச்சோர்வு என்று போகிறது அந்தப் பட்டியல். இணையத் தேடல் அதில் இல்லை. தனிமை இருக்கிறது.

அந்தத் தனிமைக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஃபோன்.

2011-இல் பெட்சி ஸ்பாரோ, ஜென்னி லியூ, டேனியல் வெக்னர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். நெருப்புக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரியது என்பது போன்ற துணுக்குச் செய்திகளைக் கொடுத்து, கணினியில் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் 'இது கணினியில் பத்திரமாக இருக்கும்' என்றார்கள். மீதிப் பேரிடம் 'இது அழிந்துவிடும்' என்றார்கள். அழிந்துவிடும் என்று நம்பியவர்களுக்குத்தான் செய்திகள் அதிகம் ஞாபகம் இருந்தன. இன்னொரு சோதனையில், செய்தியைவிட அது எந்தக் கோப்புறையில் கிடக்கிறது என்பதே பலருக்கு நன்றாக நினைவில் நின்றது. 'கூகுள் விளைவு' என்று இதற்குப் பெயர் வந்து உலகம் முழுக்கப் பரவியது. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடினமான கேள்வியைக் கேட்டதும் மனம் தானாகக் கணினியை நினைக்கிறதா என்று அதே கட்டுரையில் வேறொரு சோதனையும் இருந்தது. 2018-இல் வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆகவே 'இணையம் மூளையைத் தின்கிறது' என்று யாராவது வீடியோ போட்டால், பாதியைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது சிறிய விஷயம்தான், உங்களைப் போன்ற வியாபாரிக்குப் புதிதும் அல்ல. எங்கே இருக்கிறது என்று தெரிந்த சரக்கை யாரும் தலையில் சுமப்பதில்லை. கடையில் எந்தச் சாக்கு எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். மகன் நம்பர் மறந்தது மூளைக் கோளாறு இல்லை. அந்த நம்பரை நீங்கள் கடைசியாக விரலால் சுழற்றியோ அழுத்தியோ எத்தனை வருஷம் இருக்கும்? சொல்லாத மந்திரம் மறக்கத்தான் செய்யும்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் கணினியும் ஃபோனும் பயன்படுத்துவது பற்றிய 57 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2025-இல் வந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரம் அதில் இருந்தது. இவற்றைப் பயன்படுத்துகிறவர்களிடம் அறிவாற்றல் தேய்வு குறைவாகவே காணப்பட்டது. ஃபோன் பார்த்ததால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்ததால் ஃபோன் பார்த்தார்களா என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. 'தேடித் தேடி மழுங்கிவிட்டேன்' என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல மட்டும் அது போதும்.

வழி விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் உரிமம் வாங்க ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அவர்கள் மூளையைப் படமெடுத்து 2000-இல் ஓர் ஆய்வு வந்தது. இடங்களை நினைவில் வைக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு அதே ஊரில் தினமும் ஒரே தடத்தில் ஓட்டுகிற பஸ் ஓட்டுநர்களோடு ஒப்பிட்டபோதும் அந்த வித்தியாசம் தெரிந்தது. வெறுமனே ஓட்டினால் போதாது, வழியை யோசிக்க வேண்டும். அடுத்த முறை தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது ஃபோனைச் சட்டைப்பையில் போடுங்கள். ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாக எத்தனை முறை போயிருப்பீர்கள்! ஒரு திருப்பத்தில் சந்தேகம் வந்தால் டீக்கடையில் இறங்கிக் கேளுங்கள். அவர் கை நீட்டிச் சொல்கிற வழி மறக்காது.

இப்போது மதினியிடம், உங்கள் மனைவியிடம், வருகிறேன்.

மேலே சொன்ன மூவரில் டேனியல் வெக்னர், இணையத் தேடல் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, 1980-களில், கணவன் மனைவியின் ஞாபகத்தைப் பற்றி எழுதினார். நெடுநாள் சேர்ந்து வாழ்கிற இருவர் ஞாபகத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்றார். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதில்லை, தானாக நடக்கும். கடைப் பற்றும் மண்டி விலையும் உங்களிடம். யாருக்கு யார் மகள், எந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்த விசேஷத்தில் யார் எவ்வளவு செய்தார்கள் என்பது மதினியிடம். உங்களிடம் இல்லாதது உங்களுக்குக் குறையாகவே தெரியாது, கேட்டால் கிடைக்கும் என்பதால். ஒருவர் போய்விட்டால், மிஞ்சியவருக்குத் தன் மனதிலேயே ஒரு பகுதி கழன்று போன மாதிரி இருக்கும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

அண்ணாச்சி, கல்யாண வீட்டில் உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அந்த மனிதரின் பெயரை நீங்கள் மறக்கவில்லை, உங்களிடம் அது என்றைக்குமே இருந்ததில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒருவர் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் குரல் நின்ற பிறகு, அது இருந்த இடத்தில் ஃபோனை வைத்தீர்கள். பிறகு ஃபோன்மேல் பழி போட்டீர்கள். துக்கத்துக்கு நோய் என்று பெயர் வைத்து ராத்திரி தேடினீர்கள்.

இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. இப்படி வருகிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். மனைவி போன பிறகு ஆண்கள், 'ஞாபகம் போச்சு' என்று வருவார்கள். 'அவ போயிட்டா' என்று வரமாட்டார்கள்.

மதினி செய்த வேலையை ஃபோனால் ஏன் செய்ய முடியவில்லை என்று யோசித்துப் பாருங்கள். அந்த மனிதரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது என்பது ஒரு பக்கம். இன்னொன்றும் உண்டு. 'போன ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துல படித்துறையில பாத்தோம்லா, அவுகதான்' என்று மதினி பாதி சொன்னால், 'ஆமா, வெள்ளைக் காரு வச்சிருந்தாரு' என்று மீதி உங்களிடமிருந்து வரும். கேட்கிறவர் வாயிலிருந்தே பதிலின் ஒரு துண்டு வரும். அப்படி வாங்கியதும் கொடுத்ததும் சேர்ந்துதான் அந்த ஞாபகம் உயிரோடு இருந்தது. தேடுபொறி உங்களிடம் எதையும் திருப்பிக் கேட்பதில்லை. பதிலை இலையில் வைத்துவிடுகிறது.

பேரன் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களிடம் செய்து காட்டியது இது: பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு மனதிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நின்றது. உள்ளே போட்டதை வெளியே எடுக்கிற முயற்சிதான் அதை இறுக்குகிறது. தப்பாக ஊகித்து, பிறகு சரியான பதிலைப் பார்த்தாலும்கூட, நேராகப் பதிலைப் பார்ப்பதைவிட நன்றாக மனதில் நிற்கிறது என்று 2009-இல் வந்த ஆய்வுகள் காட்டின. ஃபோனில் உடனே கேட்கிற பிள்ளை இழப்பது அந்த முயற்சியை.

இன்னொரு சோதனையும் பேரன் வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கிற வீட்டுக்குத் தெரிய வேண்டும். 2015-இல் வெளியானது. சில கேள்விகளுக்கு இணையத்தில் தேடிப் பதில் பார்த்தவர்கள், அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு விஷயங்களிலும் தங்களுக்கு நிறையத் தெரியும் என்று மதிப்பிட்டுக்கொண்டார்கள். ஃபோனில் இருப்பதும் தன் தலையில் இருப்பதும் ஒன்றாகத் தோன்றிவிடுகிறது. இதுதான் என்னை உண்மையாகவே கவலைப்படுத்துகிறது, மறதி அத்தனை கவலைப்படுத்தவில்லை. தெரியாது என்று தெரிந்தவன் கேட்பான். தெரியும் என்று நினைப்பவன் கேட்க மாட்டான்.

பேரனோடு வாதாட வேண்டாம். 'முக்காலே மூணு வீசம்' என்கிறோமே, அது எவ்வளவு என்று கேளுங்கள். ஃபோனை எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு தேடட்டும். வீசம் என்றால் பதினாறில் ஒன்று, முக்கால் என்றால் பதினாறில் பன்னிரண்டு, ஆக மொத்தம் பதினாறில் பதினைந்து என்று நீங்கள் விரலிலேயே போட்டுக் காட்டுங்கள். துவரம்பருப்பைக் கையில் அள்ளி, பழசா புதுசா என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதையும் கடையில் வைத்துக் காட்டுங்கள். அதைத் தேட என்ன வார்த்தையைத் தட்டுவது என்று அவனுக்குத் தெரியாது. ஒரு விஷயம் கொஞ்சமாவது தெரிந்தவனால்தான் அதை உருப்படியாகத் தேடவே முடியும்.

இனி, உங்களைக் கூச வைத்த விஷயம்.

நீங்கள் என் அறைக்கு வந்து சொல்வதை நான் வெளியே சொல்லக் கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்த ரகசியத்தை உங்கள் உரிமையாக வைத்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அதே ஆண்டு ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தேடல் பெட்டியில் தட்டுகிற வார்த்தைக்கு டாக்டர் அறையின் கதவு கிடையாது. மகனிடம் சொல்லாததை, தங்கச்சியிடம் சொல்லாததை அதில் தட்டுகிறோம். அது கணக்கில் பதிவாகிறது. பிறகு நாம் திறக்கிற பக்கங்களில் சில, மருந்து விற்கிறவர்களுடையவை. உள்ளே வந்தவரை அடையாளம் வைத்துக்கொண்டு, வேறெங்கு போனாலும் விளம்பரத்தோடு பின்னால் வர அவர்களுக்கு வழி இருக்கிறது. பயந்தவர்தான் சீக்கிரம் வாங்குவார் என்பது வியாபாரியான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை என்றும் நினைக்க வேண்டாம். 2006-இல் ஓர் அமெரிக்க இணைய நிறுவனம், ஆறரை லட்சம் பேர் தேடிய ஏறக்குறைய இரண்டு கோடித் தேடல்களை ஆராய்ச்சிக்கென்று வெளியிட்டது. பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டிருந்தார்கள். ஒரு எண்ணுக்குரிய தேடல்களை வரிசையாகப் படித்தே பத்திரிகையாளர்கள் ஒரு மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். அவர் தேடியதில் உடல் உபாதைகளும் இருந்தன. நாம் தேடுவதை வரிசையாக வைத்தால் அது நம் முகம்.

மகனை ஃபோனில் கூப்பிட்டு இந்த மூன்றையும் செய்யச் சொல்லுங்கள். அவன் வீட்டு டிவியிலிருந்து உங்கள் கணக்கை எடுக்கட்டும். உங்கள் கணக்கின் அமைப்பில், தேடியதும் பார்த்ததும் மூன்று மாதம் தாண்டியதும் தானாக அழிகிற மாதிரி வைக்கட்டும், அந்த வசதி இருக்கிறது. உங்கள் விருப்பத்துக்கேற்ற விளம்பரம் என்பதை அணைக்கட்டும். மறைநிலைத் தேடல் என்று ஒன்று உண்டு. அதில் தேடினால் உங்கள் ஃபோனில் தடம் இருக்காது. இணைய இணைப்பு தருகிறவருக்கும் நீங்கள் போகிற தளத்துக்கும் தெரியத்தான் செய்யும். அந்த 2,400 ரூபாய் மருந்தைத் தொடாதீர்கள். புட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை மருந்தோடு அது எப்படிச் சேரும் என்று பார்க்க வேண்டும். மூளை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. நீங்கள் ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மகன், 'எதுக்குப்பா?' என்று கேட்பான். உண்மையைச் சொல்லிவிடுங்கள். 'ராத்திரி தூக்கம் வரலை, பயந்துட்டேன்' என்று சொல்லுங்கள். டிவியில் பார்த்ததும் அவன் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறான் என்றால், அவனுக்கும் மனதில் ஏதோ உறுத்தியிருக்கிறது. அம்மாவை இழந்தவன் அவனும்தான்.

ஒரே ஒரு வேலை மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். அடுத்த ஞாயிறு கடையை மதியத்தோடு சாத்திவிட்டு, பீரோவில் இருக்கிற மொய் நோட்டை எடுத்துக்கொண்டு கல்லிடைக்குறிச்சிக்குப் போங்கள். பேரன் இன்னும் ஊருக்குப் போகவில்லையென்றால் அவனையும் கூட்டிப் போங்கள். கொழுந்தியாவிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மதினியிடம் இருந்த ஞாபகத்தில் பெரும்பங்கு அவரிடம் கிடக்கும், இரண்டு பேரும் சேர்ந்து வளர்ந்தவர்கள். ஒவ்வொரு பெயராக வாசியுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை முதலில் நீங்கள் சொல்லுங்கள், தப்பானாலும் சொல்லுங்கள். பிறகு அவர் திருத்தட்டும். பேரன் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் எழுதட்டும்: இன்னார் மகன், இந்த ஊர், இன்ன உறவு. ஒரே உட்காரலில் முடியாது. இரண்டு மூன்று ஞாயிறு ஆகும், ஆகட்டும். நடுவில் மதினியைப் பற்றிப் பேச்சு வரும். வந்தால் நோட்டை மூடி வைத்துவிட்டுப் பேசுங்கள்.

பி12, தைராய்டு ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். கல்யாண வீட்டில் கையைப் பிடித்தவர் யார் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.